‘ஆமா’ன்னு சொல்லிட்டா அப்புறம்? வடசென்னை கிளினிக் டாக்டர்களுக்கு ஒரு அரைநாள் பயிற்சி: யோசனை வேணும்

கொருக்குப்பேட்டை டாக்டர் (இழை தொடங்கியவர்), ஞாயிறு இரவு 9.40

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் சொந்தமா கிளினிக் போட்டு உட்கார்ந்திருக்கிற எம்பிபிஎஸ் டாக்டர்கள் சில பேர் சேர்ந்து, ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அரைநாள் ஒதுக்கலாம்னு பேசிக்கிட்டிருக்கோம். விஷயம் இதுதான்: பத்து வயசுல இருந்து இருபத்திநாலு வயசு வரைக்கும் இருக்கிற ஒரு பையனோ பொண்ணோ, சாகணும்ங்கிற நினைப்போட நம்ம முன்னாடி வந்து உட்கார்ந்தா அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது, கண்டுபிடிச்ச பிறகு என்ன பண்றது. பாடத்தைத் தயார் பண்ற வேலை என் தலையில விழுந்திருக்கு. அதான் இங்க கேட்கறேன்.

கிளினிக் டாக்டருக்கு எதுக்கு இதுன்னு சிலர் கேட்கறாங்க. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தோட 2022 கணக்குல, இந்தியாவில தற்கொலையால இறந்தவங்க 1,70,924 பேர். தமிழ்நாட்டுல 19,834, மகாராஷ்டிராவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். நாடு முழுக்க மாணவர்கள் மட்டும் 13,044. இதுல எத்தனை பேர் ஒரு மனநல டாக்டர் முகத்தைப் பார்த்திருப்பாங்க? நம்ம பக்கம் உடம்புக்கு முடியலன்னா தெருமுனை கிளினிக்தான். அங்கயும் வாயைத் திறந்து விஷயத்தைச் சொல்றது கிடையாது. வயித்தெரிச்சல், தலைசுத்தல், நெஞ்சு படபடன்னு அடிக்குது, தூக்கமே வரல, சத்து ஊசி ஒண்ணு போடுங்க, காலேஜுக்கு லீவு சர்ட்டிபிகேட் வேணும்னு வருவாங்க. வெளிநாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2002-ல வந்த ஒரு கட்டுரையில, தற்கொலையால இறந்தவங்கள்ல சுமார் 45 சதவீதம் பேர் கடைசி ஒரு மாசத்துக்குள்ள பொது மருத்துவரைப் பார்த்திருக்காங்கன்னு இருக்கு. வயசானவங்களைவிட இளைஞர்கள்ல அது குறைவு, நம்ம ஊர்க் கணக்கும் இல்ல. இருந்தாலும் நம்ம நாற்காலிக்கு எதிர்ல வந்து உட்கார்ந்துட்டுப் போறாங்கங்கிறது பொய்யில்ல.

என் கவலை வேற. இந்தத் தலைப்புல நான் உட்கார்ந்த வகுப்பு எல்லாமே ஒரே அச்சு. முதல்ல புள்ளிவிவரம், அப்புறம் காரணங்கள், அப்புறம் எச்சரிக்கை அறிகுறிகள், கடைசி ஸ்லைடுல ‘மனநல நிபுணரிடம் அனுப்பவும்’. முடிஞ்சுது, டீ, பிஸ்கட். அறிகுறி எல்லாம் மனப்பாடமாத் தெரிஞ்ச டாக்டர்கூட மறுநாள் கிளினிக்குல அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டேங்கிறார். ஏன்னா பையன் ‘ஆமா டாக்டர்’னு சொல்லிட்டா அடுத்த அஞ்சு நிமிஷம் என்ன பண்றதுன்னு யாரும் சொல்லிக்குடுக்கல. வெளியில பெஞ்சு நிறைய ஆள். அந்த ‘ஆமா’வுக்குப் பயந்துதான் கேட்காம விடறோம். அதனால பயிற்சியை ‘ஆமா’வுல இருந்து ஆரம்பிக்கலாம்னு நினைக்கிறேன். புள்ளிவிவரத்தைக் கையில காகிதமாக் குடுத்துட்டா போதும்.

என்ன சொல்றீங்க?

நிர்வாகி, ஞாயிறு இரவு 10.05

நல்ல இழை, நடக்கட்டும். ஒரே நிபந்தனை: யார் எப்படி இறந்தாங்க, எதைப் பயன்படுத்தினாங்கங்கிற விவரம் இங்க வேண்டாம். அப்படி எழுதினா கேட்காமலே நீக்குவேன். படிக்கிறவங்கள்ல யாருக்காவது இப்பவே பேச ஆள் வேணும்னா: 14416 (நட்புடன் உங்களோடு மனநல சேவை, 24 மணி நேரமும், தமிழ்ல), 104 (அரசோட சுகாதார உதவி எண்), சிநேகா (தற்கொலைத் தடுப்பு அமைப்பு) 044-24640050.

பழைய பேட்ச், ஞாயிறு இரவு 10.31

டாக்டர், மனசு நல்ல மனசு. சாயங்காலம் ஏழு மணிக்கு என் கிளினிக் பக்கம் வந்து பாருங்க. ஆளுக்கு மூணு நிமிஷம். சுகர், பிரஷர், சளி, குழந்தைக்குப் பேதி. இதுல ஒரு காலேஜ் பொண்ணு தலைவலின்னு வந்தா, உட்கார வெச்சு ‘உனக்குச் சாகணும்போல இருக்காம்மா’ன்னு கேட்கணுமா? இல்லாத நினைப்பை நாமளே வாயில ஊட்டினதா ஆயிடும். அவங்க அம்மா அடுத்த நாள் வந்து சண்டை போடும். நாளைக்கு ஏதாவது நடந்துபோச்சுன்னா, ‘இந்த டாக்டருக்கு முன்கூட்டியே தெரியும்’னு போலீஸ் நம்ம வாசல்ல நிக்கும். தெரியாம இருக்கிறதே தேவலை.

பிஜி மூன்றாம் வருஷம், ஞாயிறு இரவு 11.12

சார், நான் மனநலத் துறையில மேல்படிப்பு படிக்கிறேன். ‘கேட்டா விதைச்ச மாதிரி’ங்கிறதைச் சோதிச்சே பார்த்திருக்காங்க. 2005-ல நியூயார்க் மாநிலத்துல ஆறு உயர்நிலைப் பள்ளி, 2,342 மாணவர்கள். பாதிப் பேர்கிட்ட தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாக் கேட்டாங்க, மீதிப் பேர்கிட்ட கேட்கல. ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தா, கேட்கப்பட்டவங்களுக்கு மனக்கஷ்டமோ அந்த எண்ணமோ கூடல. ஏற்கெனவே மனச்சோர்வுல இருந்த பசங்களுக்குக் கேட்டதுல மனசு கொஞ்சம் லேசாத்தான் ஆயிருந்துச்சு. அதுக்கப்புறம் வந்த ஆய்வுத் தொகுப்புகளும் அதே பக்கம்தான்.

மூணு நிமிஷம்ங்கிறது நியாயமான புகார். ஆனா கேள்வி நாலே நாலுதான். அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் பண்ணி 2012-ல வெளியிட்ட ஒரு சிறு பட்டியல் இருக்கு, கேட்டு முடிக்க 20 விநாடி. நம்ம பேச்சுல போட்டா இப்படி வரும்: ‘கொஞ்ச வாரமா, செத்துப் போயிட்டா நல்லா இருக்கும்னு தோணிச்சா? நான் இல்லாம இருந்தா வீட்டுக்கு நல்லதுன்னு தோணிச்சா? இந்த ஒரு வாரத்துல உயிரை விட்டுடலாம்னு யோசிச்சியா? எப்பவாவது அப்படி முயற்சி பண்ணியிருக்கியா?’ இதுல ஒண்ணுக்கு ஆமான்னாலும் அஞ்சாவது: ‘இப்போ, இங்க உட்கார்ந்திருக்கிறப்போ அந்த நினைப்பு இருக்கா?’

அந்த அஞ்சாவதுக்கும் ஆமான்னாத்தான் அவசரம். தனியா விடக்கூடாது, நேரா ஆஸ்பத்திரி. மத்த ஆமா எல்லாத்துக்கும் ஆம்புலன்ஸ் தேவையில்ல. பத்துப் பதினஞ்சு நிமிஷம் உட்கார்ந்து பேசினா போதும், அதையும் உடனே முடியலன்னா, வீட்டுக்கு அனுப்பாம கிளினிக்குலயே உட்கார வெச்சு, கூட்டம் குறைஞ்ச பிறகு கூப்பிட்டுப் பேசலாம். எல்லா ‘ஆமா’வும் ஒண்ணுன்னு நினைக்கிறதாலதான் பயம் இவ்வளவு பெரிசா இருக்கு.

நைட் டியூட்டி சிஸ்டர், திங்கள் காலை 6.50

நான் மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துல ஸ்டாஃப் நர்ஸ். நாலு கேள்வி, இருபது விநாடி எல்லாம் கேட்க அழகா இருக்கு தம்பி. எங்க வெச்சுக் கேட்பீங்க? எங்க ஓபில ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்கா பிரஷர் பார்க்க நிக்குது. கூட வந்த அம்மா பொண்ணு கையை விடாது. டாக்டர் கேள்வி கேட்டா பதிலை அம்மாதான் சொல்லும்.

நாங்க பண்றது என்னன்னா, எடை, உயரம் பார்க்கிற இடத்துக்கு பிள்ளையை மட்டும் கூட்டிக்கிட்டுப் போயிடுவோம். ‘பத்து வயசுக்கு மேல எல்லாரையும் தனியா ஒரு நிமிஷம் பார்ப்போம்மா, உங்க பொண்ணை மட்டும் இல்ல’ன்னு முதல்லயே சொல்லிட்டா அம்மா கோச்சுக்காது. பிரஷர் பட்டை கட்ட சட்டைக் கையை மடிக்கிறப்போதான் பல விஷயம் தெரியும். வெயில் காலத்துலயும் முழுக்கை போட்டிருக்கிற பிள்ளையை நாங்க விடறதில்ல. இதெல்லாம் டாக்டர் கண்ணுல படாது, எங்க கண்ணுல படும். உங்க பயிற்சியில டாக்டர் மட்டும் உட்கார்ந்தா பாதி வேலைதான். கிளினிக்குல ஊசி போடுற சிஸ்டர், டோக்கன் குடுக்கிற பையன், எல்லாரையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க.

இன்னொண்ணு. ஆண் டாக்டர் பொண்ணைத் தனியாப் பார்க்கிறப்போ கூட ஒரு பெண் ஊழியர் இருக்கணும். இதை ஸ்லைடுல எழுதினா மட்டும் போதாது.

மணலி அப்பா, திங்கள் காலை 8.15

சிஸ்டர் சொல்றது ஒரு அப்பனா எனக்கு உறுத்துது. என் பையனுக்குப் பதினாலு வயசு. அவனைத் தனியாக் கூட்டிட்டுப் போய் இப்படி ஒரு கேள்வி கேட்டா, அவன் என்ன சொன்னான்னு எனக்குத் தெரிய வேணாமா? பெத்தவங்களை வெளிய நிக்க வெச்சுட்டு யாரைக் காப்பாத்தப் போறீங்க?

நைட் டியூட்டி சிஸ்டர், திங்கள் காலை 8.40

தெரியணும் சார், கண்டிப்பாத் தெரியணும். உயிருக்கு ஆபத்துன்னு இருந்தா உங்ககிட்ட சொல்லாம வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். ஆனா அதைச் சொல்றதுக்கு முன்னாடி பையன்கிட்ட ‘அப்பாகிட்ட இதைச் சொல்லித்தான் ஆகணும், எப்படிச் சொல்லலாம், நீ சொல்றியா நான் சொல்லட்டுமா’ன்னு கேட்டுட்டுத்தான் கூப்பிடுவோம். உங்க முன்னாடி கேட்டா அவன் ‘அதெல்லாம் ஒண்ணும் இல்ல’ன்னு சொல்லிடுவான். அதைக் கேட்டுட்டு நீங்களும் நிம்மதியாப் போயிடுவீங்க.

பிள்ளைக்கு நாங்க குடுக்கக் கூடாத வாக்கு ஒண்ணு இருக்கு: ‘நான் யார்கிட்டயும் சொல்லவே மாட்டேன்’. அதை டாக்டர்களும் சொல்லக்கூடாது.

ஜார்ஜ் டவுன் வக்கீல், திங்கள் மதியம் 1.20

‘பழைய பேட்ச்’ டாக்டரோட போலீஸ் பயத்துக்கு மட்டும் பதில் சொல்லிட்டுப் போறேன், கோர்ட் இடைவேளை.

பழைய இந்திய தண்டனைச் சட்டம் 309-வது பிரிவுல தற்கொலை முயற்சிக்கு ஒரு வருஷம் வரை ஜெயில். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தோட 115-வது பிரிவு வந்த பிறகு, வேற மாதிரி நிரூபிக்காத வரைக்கும், முயற்சி பண்ணவர் கடும் மன அழுத்தத்துல இருந்தார்னுதான் எடுத்துக்கணும், விசாரணையோ தண்டனையோ கிடையாது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் குடுக்கிறது அரசோட கடமை. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா 2024 ஜூலை 1-ல இருந்து அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல அந்த 309-ஐயே காணோம். அரசு ஊழியரைக் கடமை செய்ய விடாம மிரட்டறதுக்காக முயற்சி பண்ணா அதுக்குத் தனிப் பிரிவு இருக்கு, அது வேற கதை.

முக்கியமா: சாகணும்போல இருக்குன்னு ஒரு பையன் டாக்டர்கிட்ட சொல்றது எந்தச் சட்டத்துலயும் குற்றம் இல்ல. அதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்ட டாக்டர் மேலயும் அதுக்காக வழக்கு கிடையாது. கேட்டேன், இன்ன பதில் வந்துச்சு, இன்னது செஞ்சேன்னு கேஸ் சீட்டுல ரெண்டு வரி எழுதி வெச்சுக்கோங்க. தெரியாம இருக்கிறது பாதுகாப்புன்னு நினைக்காதீங்க. எழுதி வெச்ச அந்த ரெண்டு வரிதான் பாதுகாப்பு.

பேசற பேச்சுல பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளை பாலியல் கொடுமையைச் சொன்னா, போக்சோ சட்டம் 19-வது பிரிவுப்படி தகவல் குடுத்தே ஆகணும். அதை டாக்டர் விருப்பத்துக்கு விடல.

நைட் டியூட்டி சிஸ்டர், திங்கள் மதியம் 2.05

வக்கீல் சார், சட்டம் மாறிடுச்சு, ஜனங்க பயம் மாறல. முயற்சி பண்ண பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தா மருத்துவச் சட்ட வழக்குன்னு பதிவு போட்டு ஸ்டேஷனுக்குத் தகவல் போகுது. அந்தப் பயத்துல வீட்டுல என்ன சொல்றாங்க? ‘தெரியாம சாப்பிட்டுட்டா.’ ‘இருட்டுல பாட்டில் மாறிடுச்சு.’ வயித்தைக் கழுவி, ரெண்டு நாள் வெச்சிருந்து அனுப்பிடறாங்க. தவறுதலா நடந்ததுன்னு எழுதியாச்சே, அப்புறம் மனநல டாக்டரை யார் கூப்பிடப் போறாங்க? அந்தப் பிள்ளை அடுத்த மாசம் வயித்துவலின்னு உங்க கிளினிக்குக்குத்தான் வரும். முன்னாடி ஒரு தடவை முயற்சி பண்ணவங்களுக்குத்தான் ஆபத்து அதிகம்னு புத்தகத்துல எழுதியிருக்கு. அந்த ‘முன்னாடி ஒரு தடவை’யே நம்ம ரிக்கார்டுல இல்ல.

பழைய பேட்ச், திங்கள் மதியம் 2.30

சிஸ்டர் சொல்றது உண்மை. இந்த ‘தெரியாம சாப்பிட்டுட்டா’ கதை எங்கிட்டயும் நிறைய வருது. நானும் நோண்டிக் கேட்கறதில்ல.

காசிமேட்டான், திங்கள் இரவு 9.55

நான் டாக்டரும் இல்ல ஒன்னியும் இல்ல. போட்டாண்ட வேல பாக்குறவரு புள்ள. காலேஜி முடிச்சுட்டேன். நீங்க பேசிக்கினு இருக்கிறத ரெண்டு நாளா படிச்சினு இருக்கேன், அதான் சொல்றேன்.

ஏப்ரல் 15-லர்ந்து ஜூன் 14 வரிக்கும் தடைக்காலம். 61 நாளு விசைப்படகு கடலுக்குப் போவாது. ஊட்ல துட்டு வராது. கரீக்டா அப்பத்தான் பிளஸ் டூ ரிசல்ட்டு, அப்பத்தான் காலேஜி பீஸு, அப்பத்தான் கடன் குடுத்தவன் வாசல்ல வந்து குந்துவான். நான் ஃபெயிலும் இல்ல, லவ்வும் இல்ல. நான் இல்லன்னா ஊட்ல ஒரு செலவு கொறையும், அவ்ளோதான் எனுக்குத் தோணிச்சு. மேல அந்த பிஜி அண்ணன் எழுதின ரெண்டாவது கேள்வி இருக்குதே, அத்தப் படிச்சதும் தூக்கிவாரிப் போட்டுச்சு. அத்த யாரும் எங்கையில கேட்டதில்ல.

டாக்டராண்ட போனேன். தலசுத்துது, சோறு எறங்கலன்னேன். ‘வயசுப் பையன், நல்லா சாப்புட்டுத் தூங்குப்பா’ன்னு ஊசி போட்டு அனுப்புனாரு. அவரு மேல கோவம் இல்ல. பின்னாடி எங்க அத்த வேற நின்னுகினு இருந்துச்சு. அப்ப கேட்டிருந்தாகூட நான் சொல்லியிருக்க மாட்டேன். தனியா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேட்டவங்க அட்வைஸ் பண்ணாம இருந்திருந்தா இன்னும் சொல்லியிருப்பேன்.

அப்பால கடசில கண்டுபுடிச்சது கம்பவுண்டர் அண்ணன். ‘இன்னாடா, பத்து நாளா மூஞ்சே செரியில்ல’ன்னு டீக்கடைக்கு இட்டுனு போனாரு. இப்ப நல்லாக்கீறேன்.

ஓட்டேரி டீச்சர், திங்கள் இரவு 10.20

தம்பி, எழுதினதுக்கு நன்றி. இதுவரைக்கும் நாங்க எல்லாரும் ஃபெயிலான பிள்ளைகளைத்தான் தேடிக்கிட்டிருக்கோம். ரிசல்ட் அன்னைக்கு 104-ல இருந்து மார்க் குறைஞ்ச பிள்ளைகளுக்குப் பேசறாங்க, துணைத் தேர்வு இருக்குன்னு சொல்றாங்க, அது நல்ல ஏற்பாடுதான். பாஸ் பண்ணிட்டு பீஸ் கட்ட வழியில்லாம உட்கார்ந்திருக்கிற பிள்ளை எந்தப் பட்டியல்லயும் வர்றதில்ல.

பள்ளிக்கூடத்தை விட்டு வெளிய போயிட்டா எங்க கையிலயும் இல்ல. டெலிவரி வண்டி ஓட்டறான், கன்டெய்னர் யார்டுல நிக்கறான். அவனுக்குக் கவுன்சிலர் கிடையாது, டீச்சர் கிடையாது. டாக்டர் சொன்ன அந்த லீவு சர்ட்டிபிகேட்டுக்கு வர்ற ரெண்டு நிமிஷம்தான் அவனை ஒரு பெரியவர் உட்கார வெச்சுப் பார்க்கிற நேரம்.

கொருக்குப்பேட்டை டாக்டர், செவ்வாய் காலை 7.30

காசிமேட்டுத் தம்பி, உங்க பதிவை அப்படியே பயிற்சியில படிச்சுக் காட்டலாமா? பேர், ஏரியா எதுவும் சொல்ல மாட்டேன். வேணாம்னா வேணாம்.

எல்லாத்தையும் வெச்சுப் பார்க்கிறப்போ எனக்கு ஒரு பயம். நம்ம டாக்டர்கள் ‘ஆமா’ன்னு பதில் வந்ததும் வழக்கமாப் பண்றது மூணு. ஒண்ணு, அட்வைஸ்: ‘உங்க அம்மா எவ்வளவு கஷ்டப்பட்டு வளர்த்தாங்க தெரியுமா?’ அவன் ஏற்கெனவே அந்தக் குற்ற உணர்ச்சியிலதான் உட்கார்ந்திருக்கான். இன்னொண்ணு, தூக்க மாத்திரை. மூணாவதுதான் ரொம்பப் பிரபலம்: ‘இனிமே இப்படி யோசிக்க மாட்டேன்னு அம்மா தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு.’ அவனும் பண்ணுவான். டாக்டருக்கு நிம்மதி. அடுத்த தடவை அந்த நினைப்பு வர்றப்போ சத்தியத்தை மீறிட்டோம்னு வெட்கப்பட்டுக்கிட்டு நம்மகிட்ட வரவே மாட்டான்.

பிஜி தம்பி, சத்தியத்துக்குப் பதிலா என்ன சொல்லிக்குடுக்கலாம்? ஒரு பக்கக் காகிதத்துல அடங்கணும்.

பிஜி மூன்றாம் வருஷம், செவ்வாய் மாலை 4.45

சத்தியம் வாங்கறதால பலன் உண்டுங்கிறதுக்கு ஆதாரம் கிடையாது சார், அதை விட்டுடலாம். அதுக்குப் பதிலாப் ‘பாதுகாப்புத் திட்டம்’னு ஒண்ணு இருக்கு. ஸ்டான்லி, பிரவுன்னு ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வடிவமைச்சது (நம்ம ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, வகுப்புல கண்டிப்பா ஒருத்தர் கேட்பார்). பையனோட கையெழுத்துலயே எழுத வைக்கணும். அந்த நினைப்பு கிளம்பறதுக்கு முன்னாடி எனக்கு என்ன ஆகும்? அப்போ நானே என்ன பண்ணி மனசைத் திருப்பலாம்? எந்த இடத்துக்கு, யார்கிட்ட போனா நினைப்பு கொஞ்சம் விலகும்? யார்கிட்ட விஷயத்தையே சொல்லி உதவி கேட்கலாம்? எந்த டாக்டர், எந்த நம்பர்? கடைசியா, வீட்டுல எதை எல்லாம் கைக்கு எட்டாம வைக்கணும்?

இதுல டாக்டர்கள் தப்பு பண்ற இடம் ரெண்டாவதும் மூணாவதும். ‘யோகா பண்ணு, புத்தகம் படி’ன்னு நாமளே சொல்லி எழுத வெச்சுடுவோம். அவன் கேரம் ஆடுவான்னா கேரம்னு எழுதட்டும். மெரினா போற அளவுக்குக் காசு இல்லாதவன்கிட்ட மெரினான்னு எழுத வெச்சுப் பிரயோஜனம் இல்ல.

கடைசிக் கேள்விக்கு மட்டும் பெத்தவங்களைக் கூப்பிட்டே ஆகணும். மணலி அப்பா கேட்டதுக்கு இதுதான் பதில்னு நினைக்கிறேன்: வீட்டுல இருக்கிற மாத்திரை, மருந்து வகையறாவைப் பூட்டி வைக்கிறது நீங்க மட்டும்தான் செய்யக்கூடிய வேலை. அந்த நினைப்பு உச்சத்துல இருக்கிற நேரம் பெரும்பாலும் குறைவு. அந்த நேரத்துல கைக்கு எதுவும் கிடைக்கலன்னா உயிர் தப்பும். நஞ்சு அதிகமுள்ள பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொண்ணாத் தடை பண்ண பிறகு இலங்கையில தற்கொலை விகிதம் பெருமளவு குறைஞ்சது இதுக்கு நல்ல சாட்சி.

அடுத்து, போன். நம்ம சென்னையும் கலந்துக்கிட்ட ஒரு ஆய்வைப் பற்றி இங்க யாரும் பேசல, ஆச்சரியமா இருக்கு. உலக சுகாதார நிறுவனம் அஞ்சு ஊர்ல பண்ணது: பிரேசில்ல காம்பினாஸ், இலங்கையில கொழும்பு, ஈரான்ல கரஜ், சீனாவுல யுன்செங், இந்தியாவில சென்னை. முயற்சி பண்ணி அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பாதிக்கு அதோட ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச்சு, அப்புறம் 18 மாசத்துல ஒன்பது தடவை போன் பண்ணியோ நேர்ல போயோ ‘எப்படி இருக்கே’ன்னு விசாரிப்பு. முதல் வாரம், ரெண்டாவது, நாலாவதுன்னு ஆரம்பத்துல நெருக்கமா, போகப் போக இடைவெளி விட்டு. 2008-ல முடிவு வந்துச்சு: வழக்கமான சிகிச்சை பெற்றவங்கள்ல 2.2 சதவீதம் பேர் தற்கொலையால இறந்திருந்தாங்க, விசாரிக்கப்பட்டவங்கள்ல 0.2 சதவீதம். அது ஆஸ்பத்திரியில நடந்தது, எல்லா வயசுக்காரங்களும் இருந்தாங்க, அதனால கிளினிக்குக்கு வர்ற பசங்களுக்கு இதே கணக்கு அப்படியே பொருந்தும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்த விசாரிப்புக்கு மனநல நிபுணர் தேவைப்படல; பயிற்சி எடுத்த நர்ஸே பண்ணலாம்.

பழைய பேட்ச், செவ்வாய் இரவு 9.10

சரி. போன் பண்ணலாம். அது என் கம்பவுண்டரே பண்ணுவான், சுகர் பேஷன்ட்டுக்கு எல்லாம் பண்றான். ஆனா அரைநாள் பயிற்சி எத்தனை நாளைக்குத் தாங்கும்? காசநோய்க்கு, டெங்குக்கு, கொரோனாவுக்குன்னு எத்தனை பயிற்சி. சர்ட்டிபிகேட் சுவத்துல இருக்கு, விஷயம் மண்டையில இல்ல.

பிஜி மூன்றாம் வருஷம், செவ்வாய் இரவு 9.50

சார், நீங்க சொன்னது ஒரு தீவுல அப்படியே நடந்திருக்கு. ஸ்வீடன்ல காட்லாந்து. 1983-84-ல அங்க இருந்த பொது மருத்துவர்களுக்கு மனச்சோர்வைக் கண்டுபிடிச்சு வைத்தியம் பண்றதுல பயிற்சி குடுத்தாங்க. தற்கொலை குறைஞ்சது. மூணு வருஷத்துல பழைய நிலைக்குத் திரும்பிடுச்சு. பயிற்சி எடுத்த டாக்டர்கள்ல சிலர் ஊரை விட்டே போயிட்டாங்க, மறுபடி வகுப்பும் நடக்கல. இன்னொரு விஷயமும் அதுல இருக்கு: குறைஞ்சது முக்கியமாப் பெண்கள்ல. ஆண்கள்ல பெரிசா மாற்றம் இல்ல, ஏன்னா ஆண்கள் டாக்டர்கிட்டயே வரல. சின்ன ஊர், சின்ன எண்ணிக்கைன்னு அந்த ஆய்வை விமர்சிச்சவங்களும் உண்டு. எப்படியோ, ஒரு தடவை மட்டும் நடத்தி நிறுத்தாதீங்க.

மருந்துக்கடை தம்பி, செவ்வாய் இரவு 10.15

எங்களை யாரும் கூப்பிடவே இல்லையே? நான் பெரம்பூர் பக்கம் மெடிக்கல் ஷாப். தூக்கம் வரலன்னு பசங்க முதல்ல வர்றது டாக்டர்கிட்ட இல்ல, எங்ககிட்டத்தான். போன வருஷச் சீட்டைக் காட்டி அதே மாத்திரை குடுங்கன்னு கேட்பாங்க. நான் குடுக்கறதில்ல, குடுக்கிற கடை இருக்கு. டாக்டர்களும் கொஞ்சம் பார்த்து எழுதலாம். பதினெட்டு வயசுப் பொண்ணுக்கு முப்பது நாளுக்கு எதுக்கு சார் எழுதறீங்க? அஞ்சு நாளுக்கு எழுதினா அஞ்சாவது நாள் உங்களைப் பார்க்க வரும்ல?

பிஜி மூன்றாம் வருஷம், செவ்வாய் இரவு 10.25

ரொம்பச் சரி. மனச்சோர்வு மாத்திரையும் அப்படித்தான். சின்ன வயசுக்காரங்கள்ல சிலருக்கு ஆரம்ப வாரங்கள்ல தற்கொலை எண்ணம் கூடலாம்னு அமெரிக்க மருந்துத் துறை 2004-லயே பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்குக் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை குடுத்துச்சு, 2007-ல அதை இருபத்திநாலு வயசு வரைக்கும் நீட்டுச்சு. மாத்திரையே கூடாதுன்னு அர்த்தம் இல்ல. ஆரம்பிச்சுட்டு ஒரு மாசம் கழிச்சு வான்னு அனுப்பக் கூடாது, வாரா வாரம் பார்க்கணும். மாத்திரை அட்டை அம்மா கையில இருக்கட்டும்.

வியாசர்பாடி பெரியவர், புதன் காலை 6.10

எங்க பேட்டையில டாக்டர் திருவேங்கடம் வீரராகவன் இருந்தார். ரெண்டு ரூபாய்க்குப் பார்த்தார், அப்புறம் அஞ்சு ரூபாய். 2020 ஆகஸ்ட்டுல காலமானார். ஸ்டான்லியில படிச்சவர்தான். அவர் மாதிரி டாக்டருக்கு எந்த வீட்டுல யார் குடிக்கிறான், யார் வேலை போச்சுன்னு தெரியும். இப்போ ஆப்ல புக் பண்ணிப் போற டாக்டருக்கு நம்ம பேரே தெரியாது. குறை சொல்லல, காலம் அப்படி.

ஒரு கேள்வி. மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டுக்கு வர்ற பொண்ணுங்க இருக்காங்களே, எனக்கு சுகர் மாத்திரை குடுக்க வருவாங்க. அவங்களுக்கு இதைச் சொல்லிக்குடுத்தா என்ன?

நைட் டியூட்டி சிஸ்டர், புதன் காலை 7.00

ஐயா, 2021-ல அந்தத் திட்டம் வந்ததுல இருந்து எந்தப் புது வேலை வந்தாலும் அவங்க தலையிலதான் கட்டறாங்க. தவிர அவங்க அதே தெருக்காரங்க. பிள்ளைங்க மனசு விட்டுப் பேச மாட்டாங்க, ‘நாளைக்கு குழாயடியில தெரிஞ்சுடும்’னு பயம். அவங்க ஒண்ணே ஒண்ணு பண்ணா போதும்: மாத்திரை குடுக்கப் போற வீட்டுல ஒரு பிள்ளை ரொம்ப நாளா ரூமை விட்டு வெளிய வரலன்னு தெரிஞ்சா எங்ககிட்ட சொல்லட்டும். கேள்வி நாங்க கேட்கறோம்.

கொருக்குப்பேட்டை டாக்டர், புதன் இரவு 9.30

இதுவரைக்கும் வந்ததை வெச்சு ஒரு வடிவம் போட்டுப் பார்த்தேன். ஸ்லைடு அஞ்சுக்கு மேல கிடையாது. மிச்சம் எல்லாம் நடிச்சுப் பார்க்கிறது. ஒருத்தர் டாக்டர், ஒருத்தர் பையன், ஒருத்தர் விடாம பேசற அம்மா. காட்சி ஆரம்பிக்கிற இடமே பையன் ‘ஆமா’ன்னு சொன்ன இடம். பாதுகாப்புத் திட்டக் காகிதத்தை ஒவ்வொருத்தரும் நிஜமா எழுதிப் பார்க்கணும்.

அனுப்பற இடம் பற்றி ரொம்ப யோசிச்சேன். ‘கீழ்ப்பாக்கம் போங்க’ன்னு சொன்னா நம்ம ஊர்ல எழுந்து போயிடுவாங்க. 1794-ல இருந்து இருக்கிற மனநல ஆஸ்பத்திரி, நல்ல டாக்டர்கள் இருக்காங்க, ஆனா அந்தப் பேரைத் திட்டறதுக்குத்தானே வெச்சிருக்கோம். ஸ்டான்லி மனநலப் பிரிவுன்னா பயம் கொஞ்சம் குறைவு, ‘பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம்’னு போயிடலாம். சீட்டை மட்டும் கையில குடுத்து அனுப்பாம, அவன் முன்னாடியே போன் போட்டுப் பேசிட்டு அனுப்பணும். போனானான்னு மறுநாள் கேட்கணும். 14416-ஐ சுவத்துல ஒட்டறதோட விடாம, டாக்டர் எல்லாரும் ஒரு தடவை தாங்களே அடிச்சுப் பார்த்துட்டு வரணும். அந்தப் பக்கம் யார் எடுக்கறாங்க, என்ன கேட்கறாங்கன்னு தெரியாம பேஷன்ட்டுக்கு எப்படிச் சொல்றது?

மார்ச்சுக்குள்ள முதல் வகுப்பு. தடைக்காலமும் ரிசல்ட்டும் வர்றதுக்கு முன்னாடி முடிஞ்சாகணும். செப்டம்பர்ல அதே ஆட்களுக்கு மறுபடி. மருந்துக்கடை தம்பி, நீங்களும் உங்க பக்கத்துக் கடைக்காரங்களும் வாங்க.

பழைய பேட்ச், புதன் இரவு 9.48

நான் வரேன். கம்பவுண்டரையும் கூட்டிட்டு வரேன். ஆனா நடிக்க எல்லாம் மாட்டேன்.

காசிமேட்டான், புதன் இரவு 10.02

டாக்டரே, நான் எழுதினத படிச்சுக் காட்டுங்க, பரவால்ல. பையனா நடிக்க ஆளு இல்லன்னா நானே வரேன். டாக்டருங்க நடிச்சா அது பையன் மாரி இருக்காது.

கொருக்குப்பேட்டை டாக்டர், புதன் இரவு 10.10

வாங்க தம்பி. முதல்ல தனியா ஒரு டீ சாப்பிட்டுப் பேசுவோம், அப்புறம் முடிவு பண்ணலாம். நடுவுல கஷ்டமா இருந்தா எந்த நிமிஷமும் நிறுத்திடலாம், பிஜி தம்பியும் கூடவே இருப்பார். ‘பழைய பேட்ச்’ சார், உங்களுக்கு விடாம பேசற அம்மா வேஷம் வெச்சிருக்கேன்.

நைட் டியூட்டி சிஸ்டர், வியாழன் காலை 6.45

ஞாயித்துக்கிழமைன்னா போலியோ சொட்டு மருந்து முகாம் எப்போன்னு பார்த்துட்டு வைங்க டாக்டர். முகாம் அன்னைக்கு எங்க ஆள் ஒருத்தரும் வர முடியாது.

கொருக்குப்பேட்டை டாக்டர், வியாழன் காலை 7.20

சரி சிஸ்டர். ரெண்டு தேதி போடறேன், எதுன்னு நீங்களே சொல்லுங்க.